விசிறியின் வேகமும் கணிப்பொறியின் வெப்பமும்

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சித்திரை, வைகாசி மாதங்களில் ஏரல் கடைத்தெருவிலுள்ள ஏதேனும் ஒரு கணிப்பொறி மையத்திற்குள் நுழைந்து பாருங்கள். முதலில் காதில் விழுவது விசைப்பலகையின் ஒலி அன்று; மேஜைக்கு அடியிலிருக்கும் பெட்டியின் இரைச்சலே. அந்தப் பெட்டியின் பக்கத்து மூடி கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும். திறந்த பக்கத்தை நோக்கி ஒரு டேபிள் ஃபேன் சுழன்றுகொண்டிருக்கும். இத்தனை உபசாரம் செய்தும் பிற்பகல் 2 மணிக்குக் கணிப்பொறி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். கல்லூரி விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய மாணவனும், சாதிச் சான்றிதழுக்காக உமரிக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்த தாயும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். "மெசின் பழசாயிட்டு, புதுசு வாங்கணும்" என்பார் கடைக்காரர்.

பெரும்பாலான நேரங்களில் மெசின் பழசாகவில்லை என்பதே உண்மை. உள்ளே இருக்கும் உள்ளங்கை அளவு விசிறி, சுழல வேண்டிய வேளையில் சுழல வேண்டிய வேகத்தில் சுழலவில்லை. அல்லது அது தள்ளும் காற்று போய்ச்சேர வேண்டிய இடத்திற்குப் போய்ச்சேரவில்லை. இந்த விசிறியின் வேகத்தைத் தீர்மானிப்பது யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார், அதை நம் ஊருக்கு ஏற்றபடி நாம் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிப்பொறி என்பது ஒருவகையில் ஒரு மின்னடுப்பே. அதற்குள் செல்லும் மின்னாற்றல் கணக்குப் போட்டு முடித்ததும் எங்கும் போய்விடுவதில்லை. ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. 1946இல் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய எனியாக் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அது 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கியது. அந்த வெப்பத்தை வெளியேற்றப் பெரும் ஊதுவிசிறிகள் வேண்டியிருந்தன. 1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 கணிப்பொறி நிறுவப்பட்ட காலத்தில், கணிப்பொறி என்றாலே குளிரூட்டப்பட்ட தனிக்கூடம் என்று பொருள். பின்னர் 1980களில் மேஜைமேல் வைக்கும் கணிப்பொறிகள் வந்தபோது நிலைமை தலைகீழானது. அவற்றின் பிராசஸருக்கென்று தனி விசிறி கிடையாது. மின்வழங்கிப் பெட்டியில் இருந்த ஒற்றை விசிறியே போதுமானதாக இருந்தது. 1993இல் பெண்டியம் வந்த பிறகே பிராசஸரின் தலைமேல் விசிறி ஏறியது. இன்று சாதாரண மேஜைக் கணிப்பொறியின் பிராசஸர் 65 வாட் என்று குறிக்கப்படுகிறது. 2022இல் வந்த இன்டெல் ஐ9-13900கே என்னும் பிராசஸர் உச்ச உழைப்பில் 253 வாட் வரை எடுத்துக்கொள்ளும்.

65 வாட் என்பது பெரிதா என்று கேட்கலாம். பழைய 60 வாட் குண்டு பல்பை எரியும்போது யாரும் கையால் தொடமாட்டோம். அந்த பல்பின் வெப்பம் முழுவதையும் ஓர் அஞ்சல் தலை அளவுள்ள சிலிக்கன் சில்லுக்குள் அடைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! அந்த வெப்பத்தைச் சில்லிலிருந்து வாங்கிப் பரப்புவது அலுமினியத் தகடுகளாலான ஹீட் சிங்க். தகடுகளிலிருந்து வாங்கிக் காற்றில் சேர்ப்பது விசிறி.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் பிரச்சினையின் வேர் தெரிந்துவிடும். ஹீட் சிங்கும் விசிறியும் சேர்ந்து ஒவ்வொரு வாட்டுக்கும் எத்தனை டிகிரி உயரவிடுகின்றன என்பதை வெப்பத்தடை என்பார்கள். நம் ஓம் விதியின் உடன்பிறப்பு இது. விசிறி முழு வேகத்தில் ஓடும்போது வெப்பத்தடை வாட்டுக்கு 0.5 டிகிரி என்றும், பாதி வேகத்தில் 0.75 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். 65 வாட்டில் முழு வேகத்தில் சுமார் 32 டிகிரியும், பாதி வேகத்தில் சுமார் 49 டிகிரியும் பெட்டிக்குள் இருக்கும் காற்றைவிடப் பிராசஸர் சூடாக இருக்கும். அந்தக் காற்றோ அறைக்காற்றைவிட 5 டிகிரி கூடுதலாக இருக்கும் என்று கொள்வோம். ஊட்டியில் அறை 18 டிகிரி என்றால், பாதி வேகத்திலும் பிராசஸர் 72 டிகிரியோடு நின்றுவிடுகிறது. ஏரலில் அக்கினி நட்சத்திரத்தின்போது அறை 38 டிகிரி. முழு வேகத்தில் 75. பாதி வேகத்தில் 92! அதே பெட்டி, அதே விசிறி, அதே வேலை. ஆனால் ஊட்டியில் நிம்மதியாக ஓடுகிற கணிப்பொறி நம் ஊரில் அபாயத்தின் விளிம்பில் நிற்கிறது. எந்த விசிறியாலும் பிராசஸரை அறைக்காற்றைவிடக் குளிர்விக்க முடியாது என்பதையும் இதிலிருந்து அறியலாம். விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தைச் சுமந்து செல்லும் கூலியாள் அது.

அபாயம் என்று சொன்னேன். அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்னும் தொழில்நுட்ப இதழினர் ஓடிக்கொண்டிருந்த கணிப்பொறிகளிலிருந்து ஹீட் சிங்கையே கழற்றி ஒரு சோதனை செய்தனர். பெண்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. அக்காலத்து அத்லான் பிராசஸர் நொடிப்பொழுதில் புகைந்து கருகியது. இன்று அப்படிக் கருகும் பிராசஸர் இல்லை. பெரும்பாலான இன்டெல் மேஜைக் கணிப்பொறிப் பிராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் கட்டுப்படாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகின்றன. ஆகவே பிற்பகலில் கணிப்பொறி அணைந்து போவது பல நேரங்களில் நோயன்று, தற்காப்பு. கணிப்பொறி 'ஸ்லோ'வாக இருக்கிறது என்று நாம் வைரஸின் மீது பழி போடும் பொழுதுகளில் சில, உண்மையில் வெயிலின் கணக்கில் சேர வேண்டியவை.

அப்படியானால் விசிறியை எப்போதும் முழு வேகத்தில் ஓடவிட்டால் தொல்லை தீர்ந்ததல்லவா என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை விசிறி விதிகள் என்னும் மூன்று எளிய விதிகளில் இருக்கிறது. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அது உண்டாக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கும், அது எடுக்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுழலும் விசிறியை 1,000 சுற்றுக்கு இறக்கினால் காற்று பாதியாகிறது; திறனோ எட்டில் ஒரு பங்காகிறது. இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் குறைகிறது; ஆய்வகத்தில் இருபது பெட்டிகள் ஒருசேர இரையும்போது பின்வரிசை மாணவனுக்கு ஆசிரியர் குரல் கேட்குமா கேட்காதா என்பதை முடிவு செய்யப் போதுமான வித்தியாசம் இது. மின்சாரம் மிச்சமாகும் என்று சிலர் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன். இரண்டு மூன்று வாட் எடுக்கும் விசிறியில் மிச்சம் பிடித்து யாரும் வீடு கட்ட முடியாது. பேரிங்கின் தேய்மானமும், காற்றோடு உள்ளே இழுக்கப்படும் தூசியுமே உண்மையான செலவுகள். வேலை இல்லாத நேரத்தில் முழு வேகத்தில் ஓடும் விசிறி, எந்தப் பயனுமின்றித் தெருப்புழுதியை எல்லாம் இழுத்து ஹீட் சிங்கில் அப்பிவைக்கிறது.

இனி, வேகத்தைக் குறைப்பது எப்படி என்பதைக் காண்போம். நம் வீடுகளில் முன்பு சீலிங் ஃபேனுக்கு ஒரு கனத்த ரெகுலேட்டர் பெட்டி இருந்தது. பழைய கட்டடங்களில் இன்றும் காணலாம். அதற்குள் இருப்பது மின்தடைக் கம்பிச் சுருள். விசிறிக்குச் செல்ல வேண்டிய மின்னழுத்தத்தில் ஒரு பகுதியை அது தானே தின்று சூடாகும். கணிப்பொறி விசிறியிலும் இப்படி மின்னழுத்தத்தைக் குறைத்து வேகத்தை இறக்கலாம். 12 வோல்ட் விசிறிக்கு 7 வோல்ட் கொடுத்தால் மெதுவாகச் சுழலும். மூன்று முனை விசிறிகளை மதர்போர்டு இம்முறையிலேயே கட்டுப்படுத்துகிறது. ஆனால் மிகவும் குறைத்துவிட்டால் விசிறி நின்ற நிலையிலிருந்து கிளம்பாது. சைக்கிளை மெதுவாக ஓட்டுவது எளிது. மெதுவாகக் கிளப்புவது கடினம் அல்லவா?

நான்கு முனை விசிறிகளில் கையாளப்படும் முறை வேறு. அதைத் துடிப்பகலப் பண்பேற்றம் என்று பாடநூல் கூறும், கடைக்காரர்கள் பி.டபிள்யு.எம். என்பர். பெயர்தான் பயமுறுத்துகிறது. பொருளோ தாமிரபரணிப் பாசன விவசாயிக்கு நன்கு தெரிந்தது. கோடையில் அணையில் நீர் குறையும்போது கால்வாயின் மடையைப் பாதி திறந்துவைத்தால் நீர் கடைமடைக்குப் போய்ச்சேராது; வழியிலேயே சுவறிவிடும். அதனால் முறை வைத்துத் திறக்கிறார்கள். சில நாள் முழு மடை, சில நாள் முழு அடைப்பு. வாழைக்குச் சராசரியாகக் கிடைப்பது பாதி நீர்தான். ஆனால் வரும்போது முழு வேகத்தோடு வருகிறது. விசிறியிலும் அப்படியே. 12 வோல்ட் முழுமையாக இருக்கும். அதைச் சுருளுக்கு முழுதாகக் கொடுப்பதும் முழுதாக நிறுத்துவதுமாக மாறிமாறிச் செய்கிறார்கள். கொடுக்கும் நேரம் 40 விழுக்காடு என்றால் விசிறி ஏறத்தாழ அதற்கேற்ற குறைந்த வேகத்தில் சுழலும். மண் ஈரத்தைப் பிடித்துவைத்து அடைப்பு நாள்களில் வாழையைக் காப்பதுபோல, சுருளின் மின்தூண்டலும் இறக்கைகளின் சுழற்சி நிலைமமும் இடைவெளியை நிரவிவிடுகின்றன. மடை திறப்பது நாள் கணக்கில். இங்கே நொடிக்கு 25,000 முறை. ஏன் இத்தனை வேகம்? மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்குக் கீழே துடித்தால் விசிறிச் சுருள் கீச்சென்று பாடத் தொடங்கிவிடும்.

அந்த நான்கு கம்பிகள் எவை? ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட், மூன்றாவது விசிறி தன் வேகத்தைத் திருப்பிச் சொல்லும் கம்பி, நான்காவது மேலே சொன்ன துடிப்புக் கட்டளை வரும் கம்பி. நான்காவது கம்பி அறுந்துபோனால் விசிறி நின்றுவிடாது. முழு வேகத்தில் ஓடும். கட்டளை வராவிட்டால் பாதுகாப்பின் பக்கம் சாய்வது என்பது வடிவமைத்தவர்களின் முன்யோசனை. திடீரென்று ஒரு நாள் பெட்டி ஓயாமல் அலறத் தொடங்கினால் இந்தக் கம்பியையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கம்பி என் விருப்பத்திற்குரியது. விசிறி ஒரு சுற்றுச் சுற்றும்போது அக்கம்பியில் இரண்டு துடிப்புகள் வரும். நொடிக்கு 40 துடிப்பு என்றால் 20 சுற்று. நிமிடத்திற்கு 1,200 சுற்று. இந்தத் தகவலின் அருமையை எங்கள் ஊரார் 2023க்குப் பிறகு உணர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் மழை பதிவாயிற்று; தாமிரபரணி கரைபுரண்டு ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் கடைகளிலிருந்து எடுக்கப்பட்ட கணிப்பொறிகளில் சில, கழுவி உலர்த்தியபின் உயிர் பெற்றன. அப்படிப் பிழைத்தவற்றின் விசிறிகளில் ஆற்று வண்டல் பேரிங்கிற்குள் தங்கியிருக்கும். பார்வைக்கு விசிறி சுழலும். ஆனால் 60 விழுக்காடு கட்டளைக்கு ஓட வேண்டிய வேகத்தில் ஓடாது. மூன்றாவது கம்பி மட்டுமே உண்மையைச் சொல்லும். வேகம் மிகவும் தாழ்ந்துவிட்டால், கணிப்பொறியைப் போட்டவுடன் 'சி.பி.யூ. ஃபேன் எர்ரர்' என்று திரையில் எழுதி நின்றுவிடும். அதைக் கண்டதும் பலர் எஃப்1 பொத்தானை அழுத்தித் தாண்டிச் செல்வதற்குப் பழகிவிட்டார்கள். காய்ச்சல்மானியைப் பார்த்துவிட்டு அதை அலமாரியில் பூட்டிவைப்பது போன்றது இது.

சரி, கட்டளை இடுவது யார்? பிராசஸருக்குள்ளேயே வெப்ப உணரிகள் இருக்கின்றன. மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறிய கண்காணிப்புச் சில்லு அந்த அளவை வாங்கி, பயாஸில் எழுதப்பட்டிருக்கும் ஓர் அட்டவணையோடு ஒப்பிடுகிறது. இத்தனை டிகிரிக்கு இத்தனை விழுக்காடு வேகம் என்பதே அந்த அட்டவணை. அதை வரைபடத்தாளில் போட்டால் ஏறுகோடாக வரும். அதனால் விசிறி வளைகோடு என்பர். வெப்பம் ஏறினால் விசிறி வேகம் கூடும், வேகம் கூடினால் வெப்பம் இறங்கும், இறங்கினால் வேகம் குறையும். பின்னூட்டம் என்று நாம் படிக்கும் தத்துவம் இதுவே.

ஆனால் பின்னூட்டம் மட்டும் இருந்தால் போதாது. 50 டிகிரிக்கு மேல் வேகம் கூடு, கீழே வேகம் குறை என்று மட்டும் கட்டளையிட்டால், வெப்பம் 49க்கும் 51க்கும் இடையே ஊசலாடும்போது விசிறியும் ஊளையிட்டு அடங்கி, ஊளையிட்டு அடங்கிக்கொண்டிருக்கும். ஒரே சீரான இரைச்சலைக் காது மறந்துவிடும். ஏறி இறங்கும் இரைச்சலை மறக்கவே மறக்காது. இதற்கு மருந்து, ஏறும்போது ஓர் எல்லையும் இறங்கும்போது அதற்குச் சற்றுக் கீழே வேறோர் எல்லையும் வைப்பது. காந்தவியல் ஆய்வகத்தில் நாம் வரைந்த தயக்க வளையம் நினைவிருக்கிறதா? ஏறும் வழியும் இறங்கும் வழியும் வேறுவேறு. அதே பெயரை, ஹிஸ்டெரிசிஸ் என்பதையே, இங்கும் வைத்திருக்கிறார்கள். இதோடு காலத் தாமதம் ஒன்றும் உண்டு. சில்லு மிகச் சிறியது. அதன் வெப்பக் கொள்ளளவும் சிறியது. ஒரு நிரலைத் திறந்த மாத்திரத்தில் அதன் வெப்பம் பத்துப் பதினைந்து டிகிரி துள்ளும், மறுநொடி இறங்கிவிடும். ஹீட் சிங்கோ கனமானது. அதற்கு இந்தத் துள்ளல் தெரியவே தெரியாது. சில்லின் ஒவ்வொரு துள்ளலுக்கும் விசிறி ஓடுவதில் பொருளில்லை. சில நொடிகள் பொறுத்து, வெப்பம் நிலைத்தால் மட்டும் வேகத்தைக் கூட்டுவதே முறை.

இப்போது நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருவோம். அட்டவணையில் இருக்கும் டிகிரிகள் நிலையானவை; அறையின் வெப்பம் நிலையானதன்று. குளிர்ந்த அறைக்குப் பொருந்தும் வளைகோட்டில், சும்மா இருக்கும் பிராசஸர் 35 டிகிரியில் அமைதியாக இருக்கும். மே மாத ஏரலில் அதே பிராசஸர் வேலை ஏதுமின்றியே 50ஐத் தொட்டுவிடுகிறது. வளைகோட்டின் முதல் ஏற்றம் 50இல் இருந்தால் காலை முதல் மாலை வரை விசிறி ஊசலாடும். அந்த எரிச்சலில் பலர் பயாஸில் 'சைலண்ட்' என்றிருப்பதைத் தேர்ந்துவிடுகிறார்கள். ஏப்ரலில் நன்றாகத்தான் இருக்கும். மே மாதத்தில், வேலை மிகும் நண்பகலில், விசிறி சோம்பிக் கிடக்கும்போது பிராசஸர் 92ஐத் தொடும். நானறிந்த ஒரு மையத்தில் புதிய கணிப்பொறிக்கு விலை விசாரித்துவிட்டார்கள். ஹீட் சிங்கில் அப்பியிருந்த தூசியைத் தூரிகையால் தட்டி, காய்ந்து பொறுக்குத் தட்டிப்போயிருந்த தெர்மல் பேஸ்டை மாற்றி, 'சைலண்ட்' என்பதை நீக்கியதும், அதே நண்பகலில் 74 டிகிரியோடு நின்றது. பேஸ்டைத் தவிர வேறு செலவில்லை.

செய்ய விரும்புவோருக்காகச் சொல்கிறேன். கணிப்பொறியைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 பொத்தானை அழுத்திப் பயாஸுக்குள் சென்றால் ஹார்டுவேர் மானிட்டர் என்னும் பகுதி இருக்கும். ஆசுஸ் மதர்போர்டில் க்யூ-ஃபேன் என்றும், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்றும் பெயர். முதலில் விசிறி மூன்று முனையா நான்கு முனையா என்று பார்த்து அதற்கேற்ப டி.சி. அல்லது பி.டபிள்யு.எம். என்று தேர வேண்டும். இதை மாற்றிப் போட்டால் மூன்று முனை விசிறி முழு வேகத்தைவிட்டு இறங்கவே இறங்காது. வளைகோட்டைப் பொறுத்தவரை, நம் பகுதிக்கு 55 டிகிரி வரை 35 விழுக்காடு, 70இல் 60 விழுக்காடு, 80இல் முழு வேகம் என்று வைப்பது என் கணக்கில் பொருத்தமாகப் படுகிறது. இருபதுக்குக் கீழே இறக்க வேண்டாம். பல விசிறிகள் அங்கே நின்றுவிடும். லினக்ஸ் பயன்படுத்துவோர், அதாவது சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வைத்திருப்போர் உட்பட, எல்.எம்.-சென்சார்ஸ் என்னும் இலவசத் தொகுதியை நிறுவினால் வெப்பத்தையும் சுற்றுவேகத்தையும் திரையிலேயே காணலாம். கண்காணிப்புச் சில்லு ஒத்துழைத்தால் அதனோடு வரும் ஃபேன்கண்ட்ரோல் நிரலால் வேகத்தையும் ஆளலாம். ஆயினும் பயாஸில் செய்வதே சிறந்தது என்பேன். இயக்க முறைமை உறைந்து நின்றாலும் பயாஸின் காவல் நிற்பதில்லை.

டேபிள் ஃபேன் வைத்தியத்தைப் பற்றி ஒரு சொல். அதை முற்றிலும் பழிப்பதற்கில்லை. பெட்டிக்குள் தேங்கிய 43 டிகிரிக் காற்றை அறைக்காற்றால் மாற்றி நான்கைந்து டிகிரி குறைக்கவே செய்கிறது. ஆனால் முன்பக்கம் இழுத்துப் பின்பக்கம் தள்ளும் காற்றோட்ட ஒழுங்கை அது குலைத்துவிடுகிறது. ஆனி ஆடிக் காற்றுக் காலத்தில் தெருப்புழுதியை வாரி நேராக மதர்போர்டில் இறைக்கிறது. பெட்டியை மேஜையின் மூடிய அறைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்தாலே டேபிள் ஃபேன் செய்வதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வெல்வெட் உறையைப் போர்த்தியபடியே கணிப்பொறியை ஓடவிடும் அலுவலகங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே எந்த வளைகோடும் உதவாது.

பெருநிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று விற்கும் ஆயத்தக் கணிப்பொறிகளில், நம் கல்லூரி ஆய்வகங்களில் இருப்பவை போன்றவற்றில், பெரும்பாலும் வளைகோட்டைத் தொட முடியாது. அவற்றிலும் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. எச்.பி. அலுவலகக் கணிப்பொறிகளின் பயாஸில், சும்மா இருக்கும்போதைய விசிறி வேகத்தை விழுக்காட்டில் உயர்த்தும் ஒரு வரி உண்டு. லெனோவோ கணிப்பொறிகளில் அமைதி வேண்டுமா குளிர்ச்சி வேண்டுமா என்று கேட்கும் தேர்வு உண்டு. பங்குனி கடைசியில் முதலாவதை இருபது விழுக்காடு உயர்த்தி, இரண்டாவதைக் குளிர்ச்சியின் பக்கம் மாற்றிவைக்கலாம். ஐப்பசி மழை இறங்கி அறை 28 டிகிரிக்கு வந்ததும் பழையபடி திருப்பிவிடலாம். ஒரு பெட்டிக்கு இரண்டு நிமிட வேலை.